தாம்பரம் பாதையின் அச்சுக் கணக்கு

மீட்டர் கேஜ் காலத்தில், எழும்பூரிலிருந்து தெற்கே போகும் விரைவு வண்டிகளுக்கு விழுப்புரத்தில் என்ஜின் மாறும். தாம்பரம், செங்கல்பட்டு வழியாக அதுவரை இழுத்துவந்த மின் என்ஜினைக் கழற்றிவிட்டு, அதற்கப்பால் மின்கம்பி இல்லாத பாதைக்காக நீராவி என்ஜினையோ டீசல் என்ஜினையோ மாட்டுவார்கள். மின் என்ஜினின் வகைப்பெயர் ஒய்ஏஎம்-1. நீராவி என்றால் ஒய்பி. டீசல் என்றால் ஒய்டிஎம்-4. மூன்றும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடின. ஒரே வண்டியைத்தான் மாற்றி மாற்றி இழுத்தன. ஆனால் அவற்றின் சக்கர அமைப்பு மட்டும் ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டது. ஒய்பி ‘4-6-2’. ஒய்டிஎம்-4 ‘கோ-கோ’. ஒய்ஏஎம்-1 ‘பி-பி’. முதலாவது சக்கரங்களை எண்ணுகிறது. மற்ற இரண்டும் அச்சுகளை எண்ணுகின்றன. அவற்றிலும் ஒன்றில் இருக்கும் ‘ஓ’ மற்றதில் இல்லை.

எழுதியவரின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஒவ்வொரு நாட்டுப் பொறியாளரும் என்ஜினைப் பற்றிக் கேட்ட கேள்வி வேறு. அந்தக் கேள்விக்கு ஏற்ற குறியீட்டை அவரவர் உண்டாக்கிக்கொண்டார்கள். இந்திய ரயில்வே அவற்றில் சிலவற்றை இரவல் வாங்கியது, அதுவும் அரைகுறையாக. அந்த இரவலின் கதையைப் படிக்கத் தாம்பரம் பாதையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்பாதையை 1931-இல் சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் பாதை இதுதான். புறநகர் மின்தொடர்களோடு, வண்டி இழுக்க ஒய்சிஜி-1 என்ற நான்கு மின் என்ஜின்களையும் தென்னிந்திய ரயில்வே இங்கிலாந்திலிருந்து தருவித்தது. அவற்றின் அச்சமைப்பு ‘போ-போ’. மின்கம்பி போடாத கிளைப்பாதைகளுக்குள்ளும் அவை போய்வர வேண்டியிருந்ததால், மின்கலங்களைச் சுமக்கும் இணைவண்டிகளான டெண்டர்களும் உடன் வந்தன. 1960களின் நடுவில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்து, கம்பி விழுப்புரம்வரை நீண்டபோது ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் கட்டிய 20 ஒய்ஏஎம்-1 என்ஜின்கள் வந்திறங்கின. 2004 ஜூலை 1-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை முடிவுக்கு வந்தது.

இனி ‘4-6-2’ஐப் பார்ப்போம். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயில் பொறியாளராக இருந்த ஃபிரெடெரிக் மெத்வன் வைட் என்பவர் 1900-ஆம் ஆண்டு வாக்கில் முன்வைத்த முறை இது. என்ஜினை முன்னாலிருந்து பின்னால் பார்த்து, மூன்று தொகுதிகளாகச் சக்கரங்களை எண்ண வேண்டும்: முன்னால் வெறுமனே உருளும் சக்கரங்கள், நடுவில் பிஸ்டன் சுழற்றும் இழுவைச் சக்கரங்கள், பின்னால் நெருப்புப்பெட்டியைத் தாங்கும் சக்கரங்கள். ஒய்பி-யில் முன்னால் 4, நடுவில் 6, பின்னால் 2. டெண்டரின் சக்கரங்கள் கணக்கில் வராது. நிலக்கரியையும் தண்ணீரையும் என்ஜினே சுமந்தால் கடைசியில் ‘டி’ (டேங்க்) என்று ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள்.

வைட் முறையின் பலம், அதற்குக் கண் மட்டும் போதும் என்பது. யார்டில் நிற்கும் தொழிலாளி வரைபடம் எதையும் பார்க்காமல் எண்ணிச் சொல்லிவிடலாம். எண்களுக்குப் பெயர்களும் ஒட்டிக்கொண்டன. அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை 1901-இல் நியூசிலாந்துக்குக் கட்டிக்கொடுத்த 4-6-2 என்ஜின்களிலிருந்து ‘பசிபிக்’ வந்தது. அதே தொழிற்சாலை 1897-இல் ஜப்பானுக்கு அனுப்பிய 2-8-2 என்ஜின்களிலிருந்து ‘மிகாடோ’ வந்தது. நம் ஊர் மீட்டர் கேஜில் ஒய்பி ஒரு பசிபிக். சரக்கு இழுத்த ஒய்ஜி ஒரு மிகாடோ. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானோடு மோதிய அமெரிக்கா அந்தப் பெயரைச் சொல்லக் கூசி, 2-8-2 என்ஜினை ‘மெக்ஆர்தர்’ என்று அழைத்தது. போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அந்த ரக மீட்டர் கேஜ் என்ஜின்களுக்கும் இங்கே அதே பெயர்தான். சக்கரத்தின் எண்ணிக்கையில் அரசியல் புகுந்த வேறு சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

வைட் முறையில் ஒரு வீண் செலவும் உண்டு. ஓர் அச்சுக்கு எப்போதும் இரண்டு சக்கரம்; பிறகு ஏன் சக்கரத்தை எண்ண வேண்டும்? பிரெஞ்சுக்காரர்கள் அச்சை மட்டும் எண்ணினார்கள். அவர்களுக்கு ஒய்பி வெறும் ‘231’. ஜெர்மானியர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். வெறுமனே உருளும் அச்சுகளுக்கு எண், இழுவை அச்சுகளுக்கு எழுத்து என்று பிரித்துவிட்டார்கள். ஏ என்றால் ஓர் இழுவை அச்சு, பி இரண்டு, சி மூன்று, டி நான்கு. ஒய்பி ‘2'சி1'’ ஆகிறது. எண்ணின் தலையில் இருக்கும் சிறு கோடு, அந்த அச்சுகள் முதன்மைச் சட்டத்தில் இறுக்கப்படாமல் வளைவில் தனியே திரும்பக்கூடியவை என்று சொல்கிறது. சர்வதேச ரயில்வே ஒன்றியமான யூஐசி இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

எழும்பூரிலிருந்து பாரம்பரிய ஓட்டம் விட்ட இஐஆர்-21 நீராவி என்ஜினைச் சென்னைவாசிகள் பலர் பார்த்திருப்பார்கள். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டது. ‘ஃபேரி குயின்’ என்ஜினின் சகோதரி. 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. வைட் முறையில் அது 2-2-2. ஜெர்மன் முறையில் 1ஏ1. நடுவில் இருக்கும் ஒற்றை ‘ஏ’ ஒன்றே போதும், அந்த என்ஜின் ஏன் நாலைந்து பெட்டிக்கு மேல் இழுக்கத் தயங்கும் என்று புரிந்துகொள்ள. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வது, இழுவை அச்சின் மேல் அழுத்தும் எடையால்தான். மற்ற இரண்டு அச்சுகளின் மேல் இருக்கும் எடை அதற்கு உதவாது.

விழுப்புரத்தில் மாறிய மூன்று என்ஜின்களுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒய்பி-யின் இழுவை அச்சு ஒன்றின் மேல் விழும் எடை சுமார் 10.5 டன். மூன்று அச்சுக்கு 31 டன்னுக்குச் சற்று மேல். பிடிப்புக்குப் பயன்படுவது அவ்வளவுதான். கொதிகலனின் மிச்ச எடை முன்பின் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. நான்கு அச்சு ஒய்ஏஎம்-1-இன் எடை சுமார் 52 டன். நான்கும் இழுவை அச்சுகள் என்பதால் 52 டன்னும் பிடிப்புக்கு உதவும். ஆறு அச்சு ஒய்டிஎம்-4-இன் எடை 72 டன். அதில் ஒரு கிலோகூட வீணாவதில்லை. இத்தனைக்கும் அச்சுக்கு 12 டன்தான் விழுகிறது, ஒய்ஏஎம்-1-ஐவிட ஒரு டன் குறைவு. மெலிந்த தண்டவாளங்களும் பழைய பாலங்களும் நிறைந்திருந்த தென்தமிழகக் கிளைப்பாதைகளில் ஆறு அச்சு டீசல் ஏன் செல்லப்பிள்ளை ஆனது என்பதற்கான பதிலில் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது.

குறியீடு சொல்லாமல் விடுவதும் உண்டு. அதற்கு நீலகிரியைத்தான் பார்க்க வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் ‘எக்ஸ்’ வகை என்ஜின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்எல்எம் தொழிற்சாலை வடிவமைத்தது. இந்திய ஏடுகளில் அது 0-8-2டி. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் வண்டியைத் தள்ளும் எந்திரத்தின் உயிர்நாடி, அடியில் இருக்கும் பல்சக்கரங்கள். உயர் அழுத்த சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களையும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியை வாங்கும் தாழ் அழுத்த சிலிண்டர்கள் பல்சக்கரங்களையும் சுழற்றுகின்றன. வைட் முறைக்குப் பல்சக்கரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது எண்ணுவது தண்டவாளத்தின் மேல் நிற்பவற்றை மட்டும். அதை நம்பினால், எக்ஸ் வகையும் சமவெளியில் யார்டு வேலை பார்க்கும் ஒரு டேங்க் என்ஜினும் ஒன்றாகிவிடும்.

அதைக் கட்டிய சுவிஸ்காரர்களின் முறையோ வேறு. மொத்த அச்சுகளில் இழுவை அச்சு எத்தனை என்று பின்னமாக எழுதுவார்கள், இதற்கு 4/5. அதற்கு முன்னால் வரும் எழுத்துகளில் ‘எச்’ இருந்தால் பல்தண்டவாள என்ஜின் என்று பொருள். ஃபுர்கா மலைப்பாதையின் எச்ஜி 3/4 என்ஜின்கள் அப்படிப் பெயர் பெற்றவை. மலைநாட்டுக்காரனுக்கு மலை ஏறுவது முதல் கேள்வி. ஆகவே அது அவன் குறியீட்டில் முதலில் வந்து நிற்கிறது. பரந்த சமவெளியில் ஓடும் அமெரிக்க ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை.

குறியீடு சொல்லாமல் விடும் இன்னொன்றின் விலை உயிர்களாக இருந்தது. 1937 ஜூலை 17 அன்று பாட்னா அருகே பிட்டாவில் ஹவுரா நோக்கி வந்த விரைவு வண்டி தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இழுத்தது எக்ஸ்பி வகை, அகலப்பாதையின் பசிபிக். விசாரணைக்குப் பின் அமைந்த பசிபிக் லோகோமோட்டிவ் குழுவில் பிரிட்டனின் புகழ்பெற்ற என்ஜின் வடிவமைப்பாளர் வில்லியம் ஸ்டானியரும் இருந்தார். எக்ஸ்பி வேகமெடுக்கும்போது பக்கவாட்டில் அலைந்து தண்டவாளத்தையே வளைக்கிறது. முன்பின் சக்கரச் சட்டகங்களைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் விசை போதவில்லை என்று குழு கண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1947-இல் வந்த டபிள்யூபி-யும் 4-6-2தான். அது இந்தியா முழுவதும் மெயில் வண்டிகளை இழுத்து நற்பெயர் வாங்கியது. இரண்டும் ஒரே குறியீடு. நடத்தை நேர் எதிர். அச்சுகள் எத்தனை என்று குறியீடு சொல்லும். அவை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று சொல்லாது. பழைய பாம்பன் பாலமானாலும், 2025 ஏப்ரலில் திறந்த, தாம்பரம்–ராமேஸ்வரம் விரைவு வண்டி கடக்கும் புதிய பாலமானாலும், அதை வடிவமைக்கிறவருக்கு அந்த இடைவெளியும் எடையும் அச்சின் எண்ணிக்கையைவிட முக்கியம்.

இப்போது அந்த ‘ஓ’வுக்கு வருவோம். நீராவி என்ஜினில் இழுவைச் சக்கரங்கள் எல்லாம் வெளியே தெரியும் இணைப்புத் தண்டால் பிணைக்கப்பட்டவை. மின் என்ஜின் வந்ததும் ஒரு புதிய சாத்தியம் பிறந்தது: ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார். ஓர் அச்சு வழுக்கினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். ஒரு மோட்டார் கெட்டாலும் வண்டி நகரும். இதைக் காட்டத்தான் எழுத்துக்குப் பின்னால் சிறிய ‘ஓ’ வந்தது. ‘போ-போ’ என்றால் இரண்டு சட்டகங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சு, அச்சுக்கொரு மோட்டார். (ரயில்வேக்காரர்கள் இந்தச் சக்கரச் சட்டகத்தைத்தான் போகி என்பார்கள், பயணிகள் சொல்லும் போகி முழுப் பெட்டி.) ‘ஓ’ இல்லாத ‘பி-பி’ என்றால், சட்டகத்தின் இரண்டு அச்சுகளும் பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டுச் சேர்ந்தே சுழல்பவை. இந்தியாவின் தொடக்ககால மாறுமின் சரக்கு என்ஜின்களான டபிள்யூஏஜி-1, டபிள்யூஏஜி-4 இரண்டும் அப்படித்தான்: ஒரு சட்டகத்துக்கு ஒரே பெரிய மோட்டார்.

இதுவரை தெளிவு. சிக்கல் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே டீசல் என்ஜின்களில் அச்சுக்கொரு மோட்டார் என்பது எழுதப்படாத விதி. எல்லாவற்றுக்கும் உள்ளதை எதற்குத் தனியே எழுத வேண்டும் என்று ‘ஓ’வையே விட்டுவிட்டார்கள். ஆக, ஐரோப்பியரின் போ-போ அமெரிக்கருக்கு பி-பி. ஒய்டிஎம்-4-ஐ வடிவமைத்த அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்துக்கு அது சி-சி. இங்கே வந்து இறங்கியதும் கோ-கோ ஆகிவிட்டது. அகலப்பாதையின் டபிள்யூடிஎம்-2-க்கும் இதே பெயர்மாற்றம். என்ஜினில் ஓர் ஆணிகூட மாறவில்லை.

ஆகவே ஒய்ஏஎம்-1-க்கு நேரே ‘பி-பி’ என்று படிப்பவர், எந்த நாட்டு முறையில் எழுதியது என்று முதலில் கேட்டாக வேண்டும். ஒரே குறிக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொருள் இருக்கும்போது, எந்த முறை என்று சொல்லாமல் எழுதுவது ஏட்டுப் பிழைக்குச் சமம். வேடிக்கை என்னவென்றால், அந்த என்ஜின் பிறந்த ஜப்பானில் அச்சுக் கணக்கு வகைப்பெயருக்குள்ளேயே இருக்கும். இடி75 என்றால் இ மின்சாரம், டி நான்கு இழுவை அச்சு. டி51 நீராவி என்ஜினுக்கும் நான்கு, சி62-க்கு மூன்று. ஒய்ஏஎம்-1 ஜப்பானிய ரயில்வேக்குக் கட்டப்பட்டிருந்தால், ‘இடி’ என்றுதான் தொடங்கியிருக்கும்.

நம் வகைப்பெயர்கள் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ அகலப்பாதை, ஒய் மீட்டர் கேஜ். அடுத்தது மின்சாரமா டீசலா. கடைசி எழுத்து வேலை: பி பயணியர், ஜி சரக்கு, எம் இரண்டும். பல அகலங்கள் கொண்ட பாதைகளை ஒரே நேரத்தில் நடத்த வேண்டியிருந்த நாட்டுக்கு இது நியாயமான வரிசை. ஆனால் சக்கரத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. டபிள்யூஏபி-5, டபிள்யூஏபி-7 என்று அடுத்தடுத்து இருப்பதால் ஒன்று மற்றதன் திருந்திய வடிவம் என்று நினைக்கத் தோன்றும். முதலாவது 78 டன் எடையுள்ள போ-போ. இரண்டாவது 123 டன் எடையுள்ள கோ-கோ. திறன் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 6,000 குதிரைத்திறனை ஒட்டி. இருந்தும் தாம்பரத்தைக் கடந்து மதுரைக்கும் நெல்லைக்கும் போகும் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் கொண்ட வண்டிகளின் முன்னால் டபிள்யூஏபி-7தான் நிற்கிறது. நீண்ட வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்பத் தேவைப்படுவது பிடிப்பு. அதற்கு அச்சுக்கு 20.5 டன் வீதம் ஆறு அச்சு வேண்டும். டபிள்யூஏபி-5 பிறந்தது அதிவேக ஓட்டத்துக்காக.

பிடிப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. டபிள்யூடிபி-4 டீசல் என்ஜின் ‘போ1-1போ’ அமைப்பில் வந்தது. ஆறு அச்சு, ஆனால் மோட்டார் நான்குக்குத்தான்; ஒவ்வொரு சட்டகத்திலும் உள்பக்க அச்சு வெறுமனே உருளும். சக்கரம் வழுக்குகிறது என்ற புகார் தொடர்ந்ததால், அடுத்து வந்த டபிள்யூடிபி-4பி-யில் ஆறு மோட்டாரும் போட்டு கோ-கோ ஆக்கினார்கள். பெயரில் மாறியது கடைசியில் ஓர் எழுத்து மட்டும். உண்மையான மாற்றத்தைக் காட்டியது அச்சமைப்புக் குறிதான்.

என்ஜினே இல்லாத வண்டிகளிடம் இந்த முறை என்ன செய்யும்? தாம்பரம்–கடற்கரை மின்தொடரில் மூன்று பெட்டிக்கு ஒன்று மோட்டார் பெட்டி. யூஐசி முறையில் அந்த மூன்று பெட்டி அலகு, போ'போ'+2'2'+2'2'. பன்னிரண்டு பெட்டித் தொடரில் இது நான்கு முறை திரும்ப வரும். எழுதிப் பார்த்தால் நீளம்தான், ஆனால் கணக்கு உடனே கிடைக்கிறது: 48 அச்சுகளில் 16 இழுக்கின்றன, மூன்றில் ஒன்று. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் உருவாக்கிய பதினாறு பெட்டி வந்தே பாரத்தில் 64-க்கு 32, சரிபாதி. டபிள்யூஏபி-7 இழுக்கும் 22 பெட்டி விரைவு வண்டியில் என்ஜினையும் சேர்த்து 94 அச்சு. இழுப்பவை ஆறே ஆறு. குரோம்பேட்டையில் நின்று, பல்லாவரத்தில் நின்று, மறுபடி கிளம்பும் வண்டிக்கு ஏன் தனி என்ஜின் ஒத்துவராது என்பதை இந்த மூன்று விகிதங்களும் விளக்கிவிடும்.

எந்த முறை சிறந்தது என்று கேட்டால் என் தீர்ப்பு இது. நீராவிக்கு வைட் முறை போதும். அதன் பெயர்களும் எண்களும் உலகம் முழுக்கப் புழங்கிவிட்டன, மாற்றுவதில் லாபமில்லை. மின், டீசல் என்ஜின்களுக்கு யூஐசி முறைதான் சரி. இந்தியாவில் புழங்குவது அதன் பிரிட்டிஷ் சுருக்கம். சிறுகோடு போனாலும் பெரிய நஷ்டமில்லை, ‘ஓ’ போனால் பொருளே மாறிவிடும்.

தமிழில் ரயில் என்ஜின்களைப் பற்றி எழுதுவோருக்கும், பழைய என்ஜின்களைக் காட்சிக்கு வைத்துப் பலகை எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். வகைப்பெயரும் கட்டிய ஆண்டும் எழுதும் இடத்தில், அச்சமைப்பையும் அச்சொன்றின் மேல் விழும் எடையையும் சேர்த்து எழுதுங்கள். எந்த முறையில் எழுதியது என்றும் ஒரு சொல் போடுங்கள். எக்ஸ் வகை என்றால், பல்சக்கரம் உண்டு என்பதையும்.